கறுப்புக்கு நல்ல பதில்

சித்தியைப் பெண் பார்க்க வந்த கொட்டாஞ்சேனை மாப்பிள்ளை என்னுடைய ராணியை வெட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். அப்போது எனக்குப் பத்து வயது. அதற்குப் பிறகு செஸ் பலகையில் எத்தனையோ ராணிகளைப் பறிகொடுத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றுகூட நினைவில் இல்லை. அந்த ஒரு ராணியைப் பற்றி மட்டும் எங்கள் வீட்டில் இன்றைக்கும் கதைக்கிறார்கள். ஆளாளுக்குத் தங்கள் வசதிப்படி கதையைத் திருத்தியும் வைத்திருக்கிறார்கள். அப்பா சொல்லும்போது அதில் அவர்தான் கெட்டிக்காரர். அம்மா சொல்லும்போது எல்லாம் கடவுள் செயல். நடந்ததை நடந்தபடி சொல்லக்கூடிய ஆள் நான் ஒருத்திதான், ஏனென்றால் பிழை விட்டவள் நான்.

அப்போது நாங்கள் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அம்மாவின் தங்கையான சித்தி. சித்திக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பகுதியில் வேலை. அவரும் நானும் ஒரே அறை. அதை நான் என்னுடைய அறை என்பேன், அவர் தன்னுடைய அறை என்பார். இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் ஒரு கால் வைக்கத்தான் இடம். கடற்கரை ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். அது நிற்கும்வரை கதையை நிறுத்தி வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து சித்தி தொடருவார். வைத்தியர்களின் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் உலகத்தில் எதையும் வாசிக்கலாம் என்பது அவருடைய பெருமை.

அவருக்கு அப்போது முப்பத்தொரு வயது. அதற்கு முன்னால் நாலு இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நாலும் ஒரே மாதிரி. வருவார்கள், வாய்ப்பனும் கட்லட்டும் சாப்பிடுவார்கள், தேத்தண்ணீர் நல்லாயிருக்கிறது என்பார்கள், படியிறங்கும்போது “போனில சொல்லுறம்” என்பார்கள். பிறகு எங்கள் வீட்டுப் போன் இரண்டு வாரத்துக்கு எல்லோருக்கும் பயம் தரும் பொருளாகிவிடும். அடிக்காவிட்டாலும் பயம், அடித்தாலும் பயம். நாலாவது தடவைக்குப் பிறகு சித்தி ஒரு நாள் முழுக்க என்னோடுகூடக் கதைக்கவில்லை.

அதனால் ஐந்தாவது கல்யாணப் பேச்சு வந்தபோது அவர் ஒரு நிபந்தனை போட்டார். அம்மாவோடு கந்தோரில் வேலை செய்யும் சிநேகிதி ஒருவர் கொண்டுவந்த பேச்சு அது.

“வாறவை வரட்டும். ஆனா இந்த முறை பதில் சொல்லுறது நான். நான் சொல்லுமட்டும் இஞ்ச ஒருத்தரும் தலையாட்டக்கூடாது” என்றார்.

“வயசு முப்பத்தொண்டு. இதில நிபந்தனை வேற” என்றார் அம்மா.

“அவ சொல்லுறதில என்ன பிழை?” என்றார் அப்பா. அம்மா திரும்பிப் பார்த்த பார்வையில், பல்கனியில் காயப்போட்ட துணி ஏதோ அவருக்கு நினைவு வந்து எழுந்து போய்விட்டார்.

இந்த இடத்தில் நான் எப்படி நுழைந்தேன் என்று சொல்ல வேண்டும். நான் எங்கள் பள்ளிக்கூடத்துச் செஸ் அணியில் இருந்தேன். அணியில் என்றால் கடைசிப் பலகை. அங்கே எனக்குப் பெரும்பாலும் கறுப்புக் காய்கள்தான் வந்து வாய்க்கும். நாங்கள் சேர் என்று கூப்பிடும் செஸ் ஆசிரியர் எனக்கென்று ஒரு கடதாசியைப் போட்டோக்கொப்பி எடுத்துத் தந்திருந்தார். மேலே “கறுப்புக்கு நல்ல பதில்கள்” என்று தலைப்பு. இடப்பக்கம் வெள்ளை எந்தக் காயை எங்கே வைத்து ஆட்டத்தைத் தொடங்கும் என்பது, வலப்பக்கம் அதற்குக் கறுப்பு என்ன செய்யலாம் என்பது. அடியில் சேர் கையால் இரண்டு வரி எழுதியிருந்தார். பதில் சொல்ல முன்னம், எதிரில் இருப்பவர் என்ன கேட்கிறார் என்று பார். எதிரில் இருப்பவர் பிழை விடுவார் என்று நம்பி விளையாடும் பதில் நல்ல பதில் அல்ல.

முதல் வரியை நான் வாசிக்கவில்லை. இரண்டாவதை வாசித்தேன், ஆனால் அது எனக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டேன். ஏனென்றால் என்னிடம் ஒரு பொறி இருந்தது. வெள்ளை வழமையான மூன்று நகர்வுகளைச் செய்ததும், என் குதிரையை நடுப்பலகைக்குத் தாவவிட்டு, ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயைக் காவலில்லாமல் விட்டுவிடுவேன். எதிரில் இருப்பவர் ஆசைப்பட்டு அதைத் தன் குதிரையால் வெட்டினால், என் ராணி வெளியே பாய்ந்து நாலே நகர்வில் கதையை முடித்துவிடும். வகுப்பில் பாதிப் பேரை இப்படித்தான் அழ வைத்திருந்தேன். மற்றப் பாதிப் பேருக்குச் செஸ் தெரியாது.

சித்தி ஒரு நாள் எனக்குத் தலை பின்னிக்கொண்டே அந்தக் கடதாசியை வாசித்தார். வாசித்துவிட்டுத் திரும்பவும் மேலிருந்து வாசித்தார்.

“உது செஸ்ஸுக்கு எழுதினதே?” என்று கேட்டார்.

“பின்ன?”

“ஒண்டுமில்லை. குஞ்சு, ஞாயிற்றுக்கிழமை வாறவருக்குச் செஸ் தெரியுமாம். நீ அவரோட ஒரு கேம் விளையாடு.”

“ஏன்?”

“சோபாவில அஞ்சு நிமிசம் இருந்து கதைச்சா எல்லாரும் நல்ல ஆக்கள்தான். நீ விளையாடிப்போட்டு வந்து எனக்குச் சொல்லு. தொட்ட காயை விட்டிட்டு வேற காயை எடுக்கிறாரோ எண்டு பார். உன்னைச் சந்தோஷப்படுத்த வேணுமெண்டே தோக்கிறாரோ எண்டு பார். பொய் சொல்லுறாரோ எண்டு பார்.”

“பொய் சொன்னா?”

“பொய் சொன்னா கதை முடிஞ்சுது.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. செஸ் அணியின் கடைசிப் பலகையில் இருந்தவளுக்கு இப்படியொரு பொறுப்பு வருவதென்றால் சும்மாவா? அந்தக் கிழமை முழுக்க நான் ஒரு பொலிஸ்காரி நடையோடுதான் திரிந்தேன். அம்மாவிடம் மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய தாய், தாய்மாமன். அவர்களுடைய முன்னோர் எந்தக் காலத்திலோ இந்தியாவிலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் கடை போட்டவர்கள். அதனால் அவர்களுடைய தமிழ் எங்களுடையதிலிருந்து கொஞ்சம் விலகி நின்றது. அவர்கள் “வாங்க, உக்காருங்க” என்றால் நாங்கள் “வாங்கோ, இருங்கோ” என்போம். முந்தின நாளே அம்மா “அவையின்ர கதை வேற மாதிரி” என்று சொல்லியிருந்தார். அதற்கு அப்பா, “எங்கட கதையும் அவைக்கு வேற மாதிரித்தான்” என்றிருந்தார்.

மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் இயந்திரம் பழுதுபார்க்கும் வேலை. காது இரண்டும் கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கும். பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்தது என்று சேர்ட்டின் மடிப்புகள் சொல்லின. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் செஸ் பெட்டியோடு போய் முன்னால் நின்றதும் அவர் முகத்தில் வந்த நிம்மதியை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

“நீங்க வெள்ளை எடுங்க” என்றார்.

“வேண்டாம். எனக்குக் கறுப்புத்தான் வேணும்” என்றேன். வெள்ளையில் எப்படித் தொடங்குவதென்று எனக்குத் தெரியாது என்பதை அவருக்கு ஏன் சொல்ல வேண்டும்?

அவர் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். நானும் தள்ளினேன். அவர் குதிரையை எடுத்தார், நானும் எடுத்தேன். பிறகு அவர் பிஷப்பை வெளியே கொண்டுவந்தார். என் பொறிக்கு வேண்டிய மூன்றும் முடிந்தன. நான் குதிரையை நடுப்பலகைக்குத் தாவவிட்டு, முகத்தைப் பாவம்போல வைத்துக்கொண்டேன்.

அவர் தன் குதிரையைத் தொட்டார். தொட்டபிறகு வேறு ஏதோ நல்ல நகர்வு கண்ணில் பட்டுவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் கையை எடுக்காமல் அந்தக் குதிரையையே நகர்த்தினார். முதலாவது கேள்விக்கு நல்ல புள்ளி. ஆனால் அந்தக் குதிரை என் சிப்பாயை வெட்டவில்லை. பேசாமல் என் குதிரையை வெட்டிப்போட்டது. நான் அதைச் சிப்பாயால் திருப்பி வெட்டினேன். அவர் ராஜாவைக் கோட்டைக்குள் ஒளித்தார்.

பொறி உடைந்துவிட்டது என்பது அப்போதே விளங்கியிருக்க வேண்டும். ஆனால் வழமையாக அடுத்தது ராணி பாய வேண்டிய நேரம் என்பதால் நானும் ராணியைப் பாயவிட்டேன். அவர் ஒரு சிப்பாயை ஒரே ஒரு கட்டம் முன்னே வைத்தார். வைத்துவிட்டு, யாருக்கும் கேட்காத மாதிரி மெதுவாக, “மந்திரி கவனம்” என்றார்.

நான் என் மந்திரிகளைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் மந்திரி என்றால் பிஷப். என் இரண்டு மந்திரிகளும் தொடக்கத்தில் வைத்த இடத்தை விட்டு அசையவே இல்லை. அவர்களைத் தொடுவதற்கு வெள்ளையில் ஒரு காயும் இல்லை.

“மந்திரிக்கு ஒண்டும் நடக்காது” என்றேன்.

“இல்ல, நல்லாப் பாருங்க. மந்திரி போகப்போகுது.”

என்னைக் குழப்பப் பார்க்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. மந்திரிக்கு ஒன்றும் நடக்காது என்பதைக் காட்டுவதற்காகவே ஒரு மந்திரியைத் தூக்கிப் பலகைக்கு நடுவில் வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், காதைச் சொறிந்தார். “அப்ப சரி” என்றார். சிப்பாய் நகர்ந்து திறந்துவிட்ட வழியால் அவருடைய பிஷப் வழுக்கி வந்து என் ராணியை வெட்டியது.

நான் எழுந்து அறைக்குள் போனேன். தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு வந்த சித்தி கட்டிலில் இருந்தார்.

“என்ன மாதிரி?” என்று கேட்டார்.

“தொட்ட காயைத்தான் எடுத்தவர். வேணுமெண்டு தோக்கேல்ல. ஆனா பொய் சொன்னவர்.”

“என்ன பொய்?”

“மந்திரி போகப்போகுது எண்டு சொல்லிப்போட்டு ராணியை வெட்டிப்போட்டார். என்னைப் பேய்க்காட்டிப்போட்டார்.”

“வடிவாக் கேட்டனியோ?”

“ரெண்டு தரம் சொன்னவர் சித்தி.”

சித்தி “சரி” என்றார். அறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. அதற்குள்ளால் பார்த்தால் மாப்பிள்ளை தெரிந்தார். நான் போட்டுவிட்டு வந்த காய்களை எடுத்து, கறுப்பை ஒரு பக்கமும் வெள்ளையை ஒரு பக்கமுமாகப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். சித்தி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

அன்று பொழுது படுமுன் போன் அடித்தது. அவர்களுக்குப் பிடித்திருக்கிறதாம். நாலு தடவை வராத பதில், வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த உடனேயே வந்துவிட்டது. அம்மா போனை வைத்துவிட்டுச் சாமிப்படத்துக்கு முன்னால் போய் நின்றார். அவர் கண்ணைத் திறக்கும்போது சித்தி பக்கத்தில் நின்று, “எனக்கு வேண்டாம் அக்கா” என்றார்.

“ஏன்?”

“பொய் சொல்லுறார்.”

“என்ன பொய் சொன்னவர்? ஆரிட்டச் சொன்னவர்?”

சித்தி என்னைக் காட்டினார். நான் நடந்ததைச் சொன்னேன். அம்மா என்னையும் சித்தியையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒரு மரக்கட்டைக்காகவோ?” என்று கேட்டார். அப்பா அந்த நேரம் பார்த்துச் சிரித்துத் தொலைத்தார். பிறகு நடந்த சண்டையில் செஸ்ஸைக் கண்டுபிடித்தவனில் இருந்து அப்பாவின் குடும்பம் வரைக்கும் எல்லோருக்கும் ஏச்சு விழுந்தது.

ஆனால் நிபந்தனை நிபந்தனைதான். வேண்டாம் என்று சொல்ல வேண்டியது அப்பாவின் பொறுப்பானது. எப்போது சொல்வது என்பதை அம்மா தன் கையில் எடுத்துக்கொண்டார். திங்கள் விரதநாள், அன்றைக்கு அப்படிச் சொல்லக்கூடாது. செவ்வாய் சரியில்லை. புதன் அப்பாவுக்கு வேலை. வியாழன் அட்டமி. வெள்ளிக்கிழமை யாராவது இல்லை என்பார்களா? இப்படி நாட்காட்டியை விரலால் தள்ளித் தள்ளி, கடைசியில் அதற்கடுத்த வியாழக்கிழமை பின்னேரம் என்று வைத்தார். யாழ்ப்பாணத்துப் பெரியவர்களிடம் கதைக்க வேண்டும், பிறகு போனில் சொல்கிறோம் என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டார். அதைச் சொல்லும்போது அம்மாவுக்கே ஒரு மாதிரித்தான் இருந்திருக்கும்.

நடுவில் சனிக்கிழமை வந்தது. அன்றைக்கு எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் கொட்டாஞ்சேனைப் பக்கப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கும் செஸ் போட்டி. எனக்கு எதிரே வந்தவள் என் வயதுக்காரி, முன்பல் ஒன்று இல்லாதவள். அவள் கவனப்பிசகாக ராணியை விட்டாள், நான் வென்றேன். கை கொடுத்தபிறகு அவள் பலகையை விட்டு எழும்பாமல், “மந்திரி போனதும் எனக்கு ஒண்ணும் ஓடல” என்றாள்.

“உம்மட மந்திரி ரெண்டும் இருக்குதே” என்றேன்.

“எங்க இருக்கு? இந்தா, நீங்க வெட்டி வெச்சிருக்கீங்களே” என்று, என் பக்கத்தில் படுத்துக் கிடந்த அவளுடைய ராணியை எடுத்துக் காட்டினாள்.

“இது ராணி.”

“எங்க வீட்டுல இதுதான் மந்திரி. ராஜாவுக்குப் பக்கத்துல நிக்கிறது மந்திரிதானே? ராணி எதுக்குச் சண்டைக்கு வாறாங்க?”

“அப்ப மந்திரிக்கு என்ன சொல்லுவீங்கள்?”

“எந்த மந்திரிக்கு?”

நான் பிஷப்பைக் காட்டினேன். “அது பிஷப்” என்றாள், இதுகூடத் தெரியாதா என்ற மாதிரி.

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. என் ராணி போகப்போகிறது என்று என்னிடமே இரண்டு தரம் சொல்லியிருக்கிறார். விளையாட்டில் எதிராளிக்கு இப்படி யாராவது சொல்வார்களா? சொல்லியும் கேட்காமல் நான் மந்திரியைத் தூக்கி நடுவில் வைத்திருக்கிறேன். போதாததற்கு அறைக்குள் போய் அவரைப் பொய்யர் என்று சொல்லி, அதை எல்லோரும் நம்பியும் விட்டார்கள்.

போட்டியில் வென்றதற்காக அப்பா வாங்கித் தந்த, மீன் வைத்த மாலு பணிஸைச் சாப்பிட்டுக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியிலேயே நான் யோசித்துவிட்டேன். இதைச் சொன்னால் சித்தி ஓம் என்பார். ஓம் என்றால் கொட்டாஞ்சேனைக்குப் போய்விடுவார். பிறகு ரயில் போகும்போது யார் கதையை நிறுத்துவது, யார் தொடருவது? கொட்டாஞ்சேனை ஒரே பஸ்ஸில் போய் இறங்குகிற தூரம்தான். எனக்கு அது கனடாவுக்குப் பக்கத்தில் இருப்பதாகத்தான் பட்டது. என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை, கேட்டால் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். ஞாயிறு சொல்லவில்லை. திங்கள் சொல்லவில்லை. செவ்வாய் சித்தி எனக்குப் பிடிக்கும் என்று நெய்யும் சீனியும் போட்டுப் பிட்டுக் குழைத்துத் தந்தார். பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன், ஆனாலும் சொல்லவில்லை.

புதன்கிழமை நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது சித்தி அன்றைக்கு வேலை முடிந்து வெள்ளனவே வந்திருந்தார். கட்டிலில் செஸ் பலகை விரித்திருந்தது.

“குஞ்சு, அண்டைக்கு உன்ர ராணி எதில நிண்டது? எல்லாத்தையும் அண்டைக்கு நிண்ட மாதிரி ஒருக்கா வைச்சுக் காட்டு.”

நான் வைத்துக் காட்டினேன். சித்தி கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். மருந்துச் சீட்டில் வாசிக்க முடியாத எழுத்து வந்தால் அப்படித்தான் பார்ப்பார் என்று நினைக்கிறேன்.

“பொய் சொல்லுறவர் ஏன் ரெண்டு தரம் கவனம் எண்டு சொல்ல வேணும்?” என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. “பேசாம வெட்டிப்போட்டுப் போயிருக்கலாமே.”

அவர் அந்த மனிதருக்காக ஒரு சாட்டுத் தேடிக்கொண்டிருக்கிறார் என்பது பத்து வயதுக்கும் விளங்கியது. அந்தச் சாட்டு என் வாய்க்குள் நாலு நாளாகக் கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அவையின்ர வீட்டில ராணிக்குப் பேர் மந்திரி, சித்தி.”

கொட்டாஞ்சேனைப் பிள்ளை சொன்ன எல்லாவற்றையும் விக்கி விக்கிச் சொன்னேன். சித்தி முதலில் விளங்காமல் பார்த்தார். பிறகு என் ராணியைக் கையில் எடுத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். வாயைப் பொத்திக்கொண்டு, பலகை சரிந்து காய்கள் எல்லாம் உருள உருளச் சிரித்தார்.

“எப்ப இருந்து உனக்கு இது தெரியும்?”

“சனிக்கிழமை.”

“இண்டைக்கு என்ன கிழமை?”

“புதன்.”

அவர் சிரிப்பு நின்றது. “ஏன் சொல்லேல்ல?”

“நீங்கள் போயிடுவியள்.”

சித்தி என்னை ஏசவில்லை. இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டார். மூச்சு முட்டும் அளவுக்கு இறுக்கமான அணைப்பு அது. கொஞ்ச நேரம் கழித்து என் முகத்தைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு ஹோலுக்குப் போனார். “அத்தான், நாளைக்கு நீங்கள் அவைக்குக் கோல் எடுக்க வேண்டாம். நான் இன்னும் யோசிக்கிறன்” என்று அப்பாவிடம் சொல்வது கேட்டது. பிறகு இந்தப் பேச்சைக் கொண்டுவந்த, அம்மாவின் சிநேகிதிக்குப் போனில் ஏதோ கோல் எடுத்தார். அது என்ன கோல் என்று நான் காது கொடுக்கவில்லை.

வியாழன் போனது, அடுத்த வியாழனும் போனது. ஒருவரும் வரவில்லை, கல்யாணப் பேச்சும் எழவில்லை. அம்மா மட்டும் அடிக்கடி பெருமூச்சு விட்டுக்கொண்டு வெங்காயம் உரித்தார். எனக்கோ சொல்லமுடியாத சந்தோஷம். உண்மையும் சொல்லியாயிற்று, சித்தியும் போகவில்லை. இப்படியொரு வெற்றியை என் பொறிகூட எனக்குத் தந்ததில்லை.

அந்த நாட்களில்தான் சித்திக்குச் செஸ் பைத்தியம் பிடித்தது. தன்னுடைய போனில் ஒரு செஸ் அப் போட்டு, யாரோ ஒருவரோடு விளையாடத் தொடங்கினார். ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ நகர்வு.

“ஆர் சித்தி?”

“தெரிஞ்ச ஆள். அவர் வெள்ளை, நான் கறுப்பு. நீதான் எனக்குப் பதில் சொல்லித் தரவேணும்.”

நான் உடனே கடதாசியை எடுத்துக்கொண்டு வந்தேன். வெள்ளை ராஜாவின் சிப்பாயைத் தள்ளியது, குதிரையை எடுத்தது, பிஷப்பைக் கொண்டுவந்தது. “அந்தக் கொட்டாஞ்சேனை மாமாவும் இப்பிடித்தான் விளையாடினவர்” என்றேன். “எல்லாரும் இப்பிடித்தான் விளையாடுவினம்” என்றார் சித்தி. அது உண்மையும்கூட.

நான் என் பொறியைச் சொன்னேன். சித்தி கடதாசியின் அடியிலிருந்த இரண்டாவது வரியில் விரலை வைத்தார். “வேண்டாம். அவர் பிழை விடவேணும் எண்டு நான் ஏன் பாத்துக்கொண்டு இருக்கவேணும்? நல்ல பதிலாச் சொல்லு” என்றார். அதனால் எங்கள் பிஷப்பையும் அவருடையதுக்கு நேரே கொண்டுவந்து வைத்தோம். சண்டையில்லாத, ஆறுதலான ஆட்டம். எனக்குக் கொட்டாவி வந்தது. சித்திக்கு வரவில்லை. பின்னேரங்களில் பல்கனிக் கதிரையில் இருவரும் நெருக்கிக்கொண்டிருந்து பதில் தேடுவோம். வெள்ளை என்ன கேட்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்லி, சேர் எழுதிய முதல் வரியை அவர்தான் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் மூன்று பதில் சொன்னால் அவர் ஒன்றை எடுப்பார். அனுப்பிய கொஞ்ச நேரத்தில் போனில் ஏதோ எழுத்தும் வரும். அதை எனக்குக் காட்டாமல் வாசித்துச் சிரிப்பார். செஸ்ஸில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

மூன்றாவது கிழமை முடியும்போது எங்களுக்கு ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தது. நான் கண்டுபிடித்த நகர்வால் கிடைத்த சிப்பாய் அது. இனி அதை மெதுவாக நடத்திக்கொண்டு போனாலே போதும், வெற்றி எங்களுக்குத்தான். அன்றைக்குப் பின்னேரம் சித்தி போனைப் பார்த்துவிட்டு அதை மடியில் கவிழ்த்து வைத்தார்.

“குஞ்சு, வெள்ளை ட்ரோ கேக்குது, சமமா முடிப்பமாம். என்ன சொல்ல?”

“வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. எங்களுக்கு ஒரு சிப்பாய் கூட. நாங்கள் வெல்லுவம்.”

“வெண்டா என்ன கிடைக்கும்?”

வென்றால் வென்றதுதான். சித்தி என் தலையைத் தடவினார். பிறகு என் கண்ணுக்கு முன்னாலேயே ஓம் என்பதை அழுத்தினார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நேரே குசினிக்கு ஓடினேன். “அம்மா, சித்தி வெல்லுற கேமை ட்ரோ பண்ணிப்போட்டா! அவர் கேட்டாராம், இவ ஓம் எண்டிட்டா!”

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். “ஆர் கேட்டவர்?” என்றார். பிறகு துருவலை அப்படியே விட்டுவிட்டு எழுந்து பல்கனிக்கு வந்தார். சித்தியின் முகத்தைப் பார்த்தார்.

“ஆரடி?”

“அவர்தான் அக்கா” என்றார் சித்தி.

“எந்த அவர்?” என்று நான் கேட்டேன். அம்மா தேங்காய்ப்பூக் கையோடேயே சித்தியைக் கட்டிப்பிடித்து அழத் தொடங்கினார். சித்தியும் அழுதார். அப்பா உள்ளேயிருந்து ஓடிவந்து, விஷயத்தைக் கேட்டு, என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். நான் அவருடைய தோளிலிருந்து இறங்கிப் பலகையை விரித்து, காய்களை அடுக்கி, அந்த ஆட்டத்தில் கறுப்புக்குத் தோல்வியே இல்லை, இன்னும் பத்துப் பன்னிரண்டு நகர்வில் வென்றிருக்கலாம் என்று எல்லோருக்கும் விளங்கப்படுத்தினேன். ஒருவரும் பலகையைப் பார்க்கவில்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டும் மூக்கைத் துடைத்துக்கொண்டும் நின்றார்கள்.

வெல்ல வேண்டிய ஆட்டம் இப்படிப் போனதற்கு இவர்கள் ஏன் இவ்வளவு சந்தோஷப்படுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. மூன்று கிழமையாகப் பல்கனியில் இருந்து நல்ல பதில்களாகத் தேடித் தேடிக் கொடுத்து, சித்தியைக் கொட்டாஞ்சேனை வரைக்கும் கொண்டுபோய் விட்டவள் நான்தான் என்பதும் விளங்கவில்லை.